ஸ்கூல் ரேட்டிங் பார்த்து வீடு வாங்கப் போறீங்களா? இதைக் கேட்டுட்டுப் போங்க

வணக்கங்க, எல்லாரும் எப்படி இருக்கீங்க? டாலஸுக்கு வடக்க, ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் வீடு தேடுற நம்ம ஆளுங்க எங்கிட்ட முதல்ல கேக்குறது, "அக்கா, அங்க எலிமெண்டரி ஸ்கூல் ரேட்டிங் எவ்ளோ?"

அந்த ரேட்டிங்குக்கு அடியில இருக்குறது ஸ்டார் டெஸ்ட். டெக்ஸாஸ் அரசுப் பள்ளிகள்ல 2012ல இருந்து நடக்குது. மூணாம் கிளாஸ்ல ரீடிங், மேத்ஸோட ஆரம்பிக்கும், அஞ்சாம் கிளாஸ்ல சயின்ஸும் சேரும். ரிசல்ட்ல கீழ இருந்து மேல நாலு படி: டிட் நாட் மீட், அப்ரோச்சஸ், மீட்ஸ், மாஸ்டர்ஸ்.

இங்கதான் கவனிக்கணும். அப்ரோச்சஸ் வந்தாலே பாஸ்தான். ஆனா அந்தப் படியில நிக்கிற பிள்ளைக்கு அடுத்த வகுப்புல தனியா உதவி தேவைப்படும். அந்த வகுப்புப் பாடம் கைக்கு வந்துருச்சுன்னு நம்பணும்னா மீட்ஸ் வேணும். அதனால "எங்க ஸ்கூல்ல 90 சதவீதம் பாஸ்"னு யாராவது சொன்னா, மீட்ஸ் எவ்ளோன்னு கேளுங்க. 60ஆ இருக்கலாம், 40ஆகவும் இருக்கலாம்.

போன வருஷம் என் பையன் ரிசல்ட் வந்த அன்னிக்கு ராத்திரி, சாப்பாட்டு மேசையிலயே லேப்டாப்பைத் திறந்து உக்காந்தோம். ரீடிங்ல அப்ரோச்சஸ். மனசு கனத்துப் போச்சுங்க. அப்புறம் அவன் எழுதுன பதிலையே திறந்து பார்த்தேன், பெற்றோருக்கு அதைக் காட்டுறாங்க. கேள்வி பதில் எல்லாம் நல்லாத்தான் பண்ணிருக்கான். கட்டுரை மட்டும் ரெண்டே வரியில நிக்குது. "ஏன்டா கண்ணா?"ன்னு கேட்டேன். "அம்மா, எனக்கு எழுத்தைத் தேடித் தேடி அடிக்கவே கை வலிச்சிருச்சு"ன்னான். 2023ல இருந்து மூணாம் கிளாஸ் பிள்ளையும் கட்டுரையை டைப் பண்ணித்தான் ஆகணும். எட்டு வயசுக் குழந்தைங்க! அந்த மார்க்ல அவன் வாசிப்பும் இருக்கு, விரல் வேகமும் இருக்கு. பள்ளிக்கூடத்தோட மொத்த சதவீதத்துல இதெல்லாம் எங்க தெரியப் போகுது?

இன்னொண்ணு, இதை நான் அழுத்தியே சொல்றேன். மாஸ்டர்ஸ் நிறைய வர்ற ஸ்கூலைச் சுத்தி யாரு குடியிருக்காங்கன்னு பாருங்க. ரெண்டு பேர் சம்பளம், சனிக்கிழமை ட்யூஷன், வீடு நிறைய புத்தகம். அங்க வர்ற மார்க்ல பாதி வீட்டுலயே சம்பாதிச்சது. வீட்டு வருமானம் கம்மிங்கறதால பாதிப் பிள்ளைங்க இலவச மதிய சாப்பாடு வாங்குற ஸ்கூல்ல, போன வருஷம் டிட் நாட் மீட்ல இருந்த குழந்தை இந்த வருஷம் மீட்ஸ்க்கு வந்தா, அதுக்குப் பின்னாடி ஒரு டீச்சரோட உழைப்பு இருக்கு. அந்த ஸ்கூலை மட்டமா பேசாதீங்க, ப்ளீஸ்.

ஏ, பி, சின்னு ஸ்கூலுக்கு அரசு கொடுக்குற கிரேடைப் பார்க்கும்போது, கீழ வளர்ச்சிக்குன்னு தனி மார்க் இருக்கும். ஸ்கூல் ப்ராக்ரஸ்னு போட்டிருப்பாங்க. முதல்ல அதைத் திறங்க. 2027-28ல ஸ்டாருக்குப் பதிலா வருஷத்துக்கு மூணு சின்ன டெஸ்ட் வரப்போகுது, அதைத் தனி வீடியோல பேசுறேன்.

பையன் இப்ப தினமும் சாயங்காலம் பாட்டிக்கு ஒரு மெயில் டைப் பண்றான். நேத்து ஆறு வரி வந்துச்சு.