தேர்தலுக்கு மறுநாள் தோன்றிய மன்றம்

(மட்டக்களப்பு படுவான்கரையில், கிராமமொன்றின் இளைஞர் அரசியல் மன்ற ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, கோயில் வண்ணக்கர் அவர்களே, மாதர் சங்கத்தாரே, வயல் வட்டையில் வேலை முடித்து நேரே இங்கு வந்திருக்கும் தம்பி தங்கையரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த மன்றம் தோன்றி வளர்ந்த வரலாற்றைப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். தொடக்கக் கூட்டத்தில் இருந்தவர்களுள் பலர் இன்று கட்டாரிலும் கொழும்பிலும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று ஐந்தாம் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று நிருவாக சபையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் செய்திகள் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே பேச ஒப்புக்கொண்டேன்.

2018 பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தல் நமக்குப் புதிய முறையில் நடந்தது. உறுப்பினர்களில் 60 வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதத்தினர் விகிதாசார முறையிலும் தெரிவாகும் ஏற்பாடு அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. வட்டாரம் சிறிது, வேட்பாளர்கள் எல்லோரும் ஊரவர்கள், ஆகவே ஒவ்வொரு கட்சியும் நம் இளைஞர்களைத் தேடி வந்தது. சுவரொட்டி ஒட்டியவரும், ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் போனவரும், வாக்களிப்பு நிலையத்தில் முகவராக இருந்தவரும் ஒரே வாசிகசாலையில் பத்திரிகை படித்து வளர்ந்தவர்கள். தேர்தல் முடிந்த மறுநாள் அதே வாசிகசாலையில் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்தார்கள். அப்போது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "வென்றவர் இனி எந்தப் பணத்தில், எந்த அதிகாரத்தில், என்ன வேலை செய்வார்?" என்று பொதுவாகக் கேட்டார். ஒரு மாதம் இரவு பகலாக வாக்குக் கேட்டுத் திரிந்தவர்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த மன்றம் பிறந்தது.

முதல் சில கூட்டங்களில் வேறொன்றும் செய்யவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். சலிப்பூட்டும் வேலைதான், வந்தவர்களில் பாதிப்பேர் நின்றும் போனார்கள். ஆனால் நிலைத்து நின்றவர்கள் மன்றத்தின் குறிப்புக் கொப்பியின் முதற்பக்கத்தில் ஒரு விதியை எழுதினார்கள். உறுப்பினர் எவரும் எந்தக் கட்சியிலும் சேரலாம், ஆனால் வேட்புமனுவில் கையொப்பமிடும் நாளிலேயே மன்றப் பதவியை விட்டு விலக வேண்டும் என்பதே அந்த விதி. இன்றுவரை அதை யாரும் மீறவில்லை. அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கும் சங்கங்கள் நம் பகுதியில் ஏராளம். கட்சிக்குக் கிளையாகித் தேர்தலோடு கலையும் சங்கங்களும் ஏராளம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை அந்த விதி திறந்துவிட்டது என்றே நான் மதிப்பிடுகிறேன்.

இவ்வகை முயற்சி நமக்கு முன்னமே இந்நாட்டில் நடந்திருக்கிறது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அமைப்பை ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் கட்டி எழுப்பினர். சாதி பார்க்காத சமபந்தி உணவையும் முழுமையான சுயராச்சியத்தையும் அவர்கள் ஒருசேரப் பேசினர். 1927இல் காந்தியடிகளை அழைத்து வந்தனர். அவர்களுடைய அறிவும் துணிவும் பெரியவை. எனினும் 1931ஆம் ஆண்டு, அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கு நடந்த தேர்தலைப் பகிஷ்கரித்ததன் விளைவாக யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாக இருந்தன, இயக்கமும் அதன்பின் தளர்ந்தது. கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களுமே பெரும்பாலும் தாங்கிய இயக்கம், வயலிலும் கடலிலும் உழைப்பவரிடம் வேரூன்றியிருந்தால் அந்தத் தளர்ச்சியைத் தாண்டி நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொரு பாடம் சட்டத்திலிருந்து வருகிறது. நாட்டின் தெற்கில் இளைஞர்கள் நடத்திய கிளர்ச்சிக்குப் பின் அமைக்கப்பட்ட இளைஞர் ஆணைக்குழு 1990இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. அதை ஒட்டி உள்ளூராட்சி வேட்பாளர் பட்டியல்களில் 40 வீதம் இளைஞருக்கு ஒதுக்கப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் பட்டியலை நிரப்புவதற்காக யாரையாவது பிடித்துப் பெயர் போடும் வழக்கமும் அதோடு சேர்ந்து வளர்ந்தது. ஒதுக்கீடு இடத்தைத் தரும். அந்த இடத்தில் இருந்து கேள்வி கேட்கும் பயிற்சியை ஊர்தான் தர வேண்டும்.

அந்தப் பயிற்சி நமக்கு ஒரு மதகிலிருந்து கிடைத்தது. வட்டைக்குப் போகும் பாதையில் புதிதாகக் கட்டிய மதகு ஒரு மாரியிலேயே ஒரு பக்கம் தாழ்ந்து, பெரும்போக அறுவடைக்கு வந்த மெசினும் உழவு இயந்திரங்களும் சுற்றுப்பாதையில் போக வேண்டியதாயிற்று. முன்பென்றால் ஒரு மகஜர் எழுதி, ஊரெல்லாம் கையொப்பம் வாங்கி, அரசியல்வாதி ஒருவர் கையில் கொடுத்துவிட்டு இருந்திருப்போம். இம்முறை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, கொடுப்பனவு விபரம் ஆகிய மூன்றையும் கேட்டோம். "எதற்குத் தம்பி இது?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டம் சொல்வதை நம் பிள்ளை பணிவாக எடுத்துச் சொன்னார். சட்டம் குறித்த 14 வேலை நாட்கள் கடந்தும் பதில் வராததால், மேன்முறையீட்டைக் கேட்பதற்கெனக் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்தோம், அதன்பிறகே தாள்கள் கைக்கு வந்தன.

உயர்தரம் படித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் அளவுநாடாவோடு வாய்க்காலில் இறங்கினார்கள். ஒருவர் நாடாவின் நுனியைச் சேற்றுக்குள் அழுத்திப் பிடிக்க, மற்றவர் கரையிலிருந்து படித்துச் சொன்ன அளவுகளை மூன்றாமவர் மதிப்பீட்டுத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். தாளில் நான்கு பக்கச் சுவர்கள் இருந்தன. தரையில் இரண்டே இருந்தன. இதை யாரையும் ஏசாமல், படத்தோடு ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்தோம். ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்திருந்த பணம் விடுவிக்கப்படாமல் நிறுத்தப்பட்டது. ஒப்பந்தகாரர் திரும்பி வந்து மீதிச் சுவர்களைக் கட்டினார். அதற்கு அடுத்த கூட்டத்துக்கு வாசிகசாலையில் இடம் போதவில்லை, விவசாயிகளும் வந்துவிட்டார்கள்.

மன்றம் பெருகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆரம்பத்தில் கூட்டங்களை மாலை ஏழு மணிக்கு வைத்தோம். பொழுதுபட்டால் யானைப் பயத்தில் அடுத்த ஊரவர் வரமாட்டார்கள்; பெண் பிள்ளைகள் வருவது பற்றிப் பேச்சே இல்லை. ஞாயிறு காலைக்கு மாற்றும்படி மாதர் சங்கத்தினர் சொன்னபோது, சிலர் தயங்கினார்கள். மாற்றிய பிறகு வருகைப் பதிவில் பாதிக்குப் பாதி தங்கைகளாக இருந்தார்கள். நாடெங்கும் உள்ளூராட்சி மன்றங்களில் 2 வீதத்துக்கும் குறைவாக இருந்த பெண்கள், 25 வீத ஒதுக்கீடு வந்த பின்னரே அந்த மேசைகளில் கணிசமாக அமர்ந்தார்கள். நம் மன்றத்துக்கோ கூட்ட நேரத்தை மாற்றியது மட்டுமே போதுமாயிருந்தது.

பிறகு வந்தது சோதனைக் காலம். 2023 மார்ச் மாதத்தோடு உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அம்மாதம் 9ஆம் திகதிக்கு வைத்த தேர்தல், பணம் இல்லையென்று நடத்தப்படவில்லை. அது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6ஆம் திகதிதான். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, தெரிவான உறுப்பினர் ஒருவரும் இல்லாமல் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். பல ஊர்களில் அக்காலத்தில் கேட்பாரற்றுப் போன தெருவிளக்குகளும் குப்பை வண்டியும் நம் ஊரில் ஓரளவு ஒழுங்காக நடந்தன என்றால், மாதந்தோறும் பழுதான விளக்குக் கம்பங்களின் இலக்கத்தை எழுதிக் கொடுத்த நம் பிள்ளைகளின் உழைப்பு அதற்கு ஒரு முக்கிய காரணம். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். தேர்தல் இல்லாத காலத்தில் மன்றம் வளர்ந்தது என்பதே அது தேர்தலுக்காகப் பிறந்ததல்ல என்பதற்குச் சான்று.

இப்போது மீண்டும் சபை இருக்கிறது, தவிசாளர் இருக்கிறார், வரவு செலவுத் திட்டம் வரப்போகிறது. சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவர்களையும் நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கேட்டு ஒரு கடிதம் தயாராக இருக்கிறது. வீதி, சுகாதாரம் ஆகிய இரண்டு குழுக்களுக்கும் நம்மில் இருந்து தலா ஒரு தங்கையையும் ஒரு தம்பியையும் முன்மொழிய நிருவாக சபை தீர்மானித்திருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் இந்தக் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயரைக் கொடுக்க வேண்டும். இவ்வாண்டு 18 வயது நிறைந்தவர்கள் வாக்காளர் இடாப்பில் தங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் அவரிடமே பார்த்துக்கொள்ளலாம், இடாப்பின் பிரதி மேசையில் இருக்கிறது.