எட்டு மணி சபை, பதினொரு மணி சபை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தலைப்பைப் படித்து, அமெரிக்க லுத்தரன் கோயில்களில் நடக்கிற ஆராதனைச் சண்டையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் ஒரு ஐயா சிரித்தார். அமெரிக்காக்காரன் கோயிலில் கிடார் வாசித்தால் நமக்கென்ன என்று கேட்பதுபோல இருந்தது. நியாயமான கேள்விதான். கொஞ்ச நேரத்தில் பேச்சு தஞ்சாவூருக்கு வந்து சேரும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கண்ணால் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் மார்ட்டின் லுத்தர் வழிவந்த ஒரு லுத்தரன் கோயில், மிசௌரி சினாட் என்கிற சபைப் பிரிவைச் சேர்ந்தது. பெயர் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே எட்டு மணி ஆராதனைக்குப் போனேன். ஆர்கன், வெள்ளை அங்கி, கருஞ்சிவப்பு அட்டை போட்ட பாட்டுப் புத்தகம். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் என் வயதைத் தாண்டியவர்கள். பாவ அறிக்கை செய்தோம். குருவானவர் கையை உயர்த்திப் பாவமன்னிப்புச் சொன்னார். நாங்கள் ஆம்பூர்ப் பக்கம் சின்ன வயதில் கேட்டு வளர்ந்த அதே வரிசை. இங்கிலீஷில் இருந்தாலும் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மகளுக்கு வேலை இருந்ததால் அங்கேயே காத்திருந்து பதினொரு மணி ஆராதனைக்கும் உட்கார்ந்தேன். அது பக்கத்துக் கட்டடத்தில், பிள்ளைகள் பந்து விளையாடுகிற கூடத்தில். சுவரெல்லாம் கறுப்புப் பெயின்ட். மேடையில் டிரம்ஸ், அதைச் சுற்றி ஆளுயரக் கண்ணாடித் தடுப்பு. மீன்தொட்டிக்குள் உட்கார்ந்து ஒருவர் வாசிப்பதுபோல இருந்தது. ஞானஸ்நானத் தொட்டிக்குச் சக்கரம் வைத்திருந்தார்கள், அன்றைக்கு அதை ஓரமாகத் தள்ளி விட்டிருந்தார்கள். எட்டு மணிக்கு அங்கி போட்டிருந்த அதே குருவானவர் கட்டம்போட்ட சட்டையில் ஏறி நின்றார். பிரசங்கம் நன்றாகத்தான் இருந்தது, வார்த்தைக்கு வார்த்தை காலையில் கேட்டதேதான். ஆனால் பாவ அறிக்கை இல்லை, விசுவாசப் பிரமாணம் இல்லை. பாட்டு நடக்கும்போது விளக்கையெல்லாம் அணைத்துவிட்டதால் பக்கத்தில் இருப்பவர் பாடுகிறாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

இந்தப் பதினொரு மணி ஆராதனைதான் அங்கே நாற்பது வருடமாக நடக்கிற சண்டை.

இந்த மிசௌரி சினாட்காரர்கள் யார் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் சாக்சனியின் அரசுத் திருச்சபை பகுத்தறிவுவாதத்தில் கரைந்துபோகிறது என்று பயந்து, 1838-ல் 5 கப்பல்களில் ஏறினார்கள். ஒரு கப்பல் கடலோடு போயிற்று. மற்றவர்கள் மிசௌரியில் குடியேறி, 1847-ல் சிகாகோவில் வேறு ஊர் லுத்தரன்களோடு கூடி இந்தச் சினாடை அமைத்தார்கள். முதல் தலைவர் வால்தர். ஆராதனை முறையும் பாட்டுப் புத்தகமும் ஞானோபதேசமும் உபதேசத்தில் தூயதாக இருக்க வேண்டும், அவற்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அவர்கள் அமைப்பு விதியிலேயே இருக்கிறது. பாட்டுப் புத்தகத்துக்காகச் சட்டம் எழுதிய கூட்டம். அங்கே திரையில் வேறு யாரோ எழுதிய பாட்டு ஓடினால் சும்மா இருப்பார்களா?

சரி, சட்டம்தான் இருக்கிறதே, முடித்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். முடியவில்லை. ஏனென்றால் லுத்தரன்களின் அடிப்படை ஆவணமான 1530-ன் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கை 7-ஆம் பிரிவில், சபையின் ஒற்றுமைக்குச் சுவிசேஷமும் ஞானஸ்நானம், நற்கருணை போன்ற சாக்கிரமெந்துகளும் சரியாக இருந்தால் போதும், மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எங்கும் ஒரேமாதிரி இருக்க வேண்டியதில்லை என்று எழுதிவைத்துவிட்டார்கள். அதே அறிக்கையின் 24-ஆம் பிரிவு, பழைய ஆராதனையை நாங்கள் ஒழித்துவிட்டோம் என்பது பொய், பயபக்தியோடு நடத்துகிறோம் என்கிறது. கிடார்க்காரர்கள் 7-ஐக் காட்டுவார்கள், ஆர்கன்காரர்கள் 24-ஐக் காட்டுவார்கள். ஒரே புத்தகம், இரண்டு கட்சி.

அப்புறம் அடியாபோரா என்று ஒரு சொல் உண்டு. தேவன் கட்டளையிடாததும் தடுக்காததுமான காரியங்கள். 1548-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் போரில் ஜெயித்த கையோடு லுத்தரன்கள்மேல் பழைய சடங்குகளைத் திணித்தார். அங்கிதானே, போட்டுக்கொள்வோம், உபதேசத்தைக் காப்பாற்றினால் போதும் என்றது லுத்தரின் தோழர் மெலாங்தனின் பக்கம். பிளாக்கியுஸ் என்கிற லுத்தரன் அறிஞர் மக்டெபுர்க் நகரத்திலிருந்து ஒரே போடு போட்டார்: விசுவாசத்தை அறிக்கை செய்யவேண்டிய நேரத்தில் எதுவுமே அடியாபோரா கிடையாது. 1577-ல் லுத்தரன்கள் எழுதிய இணக்க அறிக்கை கிட்டத்தட்ட அவர் பக்கம் சாய்ந்தது. இன்றைக்குப் பழைமைக்காரர்கள் பிளாக்கியுஸை எடுத்து ஆளும்போது எனக்கு ஒரு சந்தேகம் வரும். அன்றைக்குக் கட்டாயப்படுத்தினவர் பேரரசர், அவருக்குப் பட்டாளம் இருந்தது. இன்றைக்கு யார் கட்டாயப்படுத்துகிறார்கள்? பட்டாளம் இல்லை, ஆள் குறைகிறது என்கிற பயம்தான் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் சுமார் 28 லட்சம் பேர் இருந்த சினாடில் இன்று 18 லட்சம்கூட இல்லை. அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நம் கோயில்களிலும் பின்வரிசைகள் காலியாகத்தானே கிடக்கின்றன.

1988-ல் டேவிட் லூக்கி என்பவர் ஒரு நூல் எழுதினார். சினாடின் சொந்தப் பதிப்பகமே வெளியிட்டது. அதன் வாதம் தலைப்பிலேயே இருக்கிறது: சாரம் லுத்தரன், பாணி இவாஞ்சலிக்கல், அதாவது மனமாற்றத்தை வலியுறுத்துகிற புராட்டஸ்டன்ட் சபைகளின் பாணி. பாத்திரத்தை மாற்று, உள்ளே இருப்பது மாறாது என்பது கணக்கு. நான் பார்த்த பதினொரு மணிக் கூடம் அந்தக் கணக்கின் விடை. பாத்திரம் மாறினபோது பாவமன்னிப்பு கீழே சிந்திவிட்டது. யாரும் வேண்டுமென்று கொட்டவில்லை. புதிதாக வருகிறவர் முகம் சுளிப்பாரே, முதல் நாளே 'நான் பாவி' என்று சொல்லச் சொல்லலாமா என்று யோசித்து யோசித்து எடுத்துவிட்டார்கள்.

இப்போது இந்தியாவுக்கு வருகிறேன். அமெரிக்கக் கோயில்களை இப்படி மாற்றிய சிந்தனைக்குச் சபை வளர்ச்சி இயக்கம் என்று பெயர். அதன் தகப்பன் டொனால்ட் மெக்கவ்ரன். எங்கே பிறந்தார் தெரியுமா? மத்தியப் பிரதேசத்து டமோவில், 1897-ல். மிஷனரி குடும்பம், அவரும் மிஷனரி. இங்கே சாதி சாதியாக, ஊர் ஊராக ஜனங்கள் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வருவதைப் பார்த்தார். தன் இனத்தையும் பாஷையையும் வகுப்பையும் தாண்டாமல் கிறிஸ்தவராவதையே மனிதர் விரும்புகிறார்கள் என்று முடிவுக்கு வந்தார். 1965-ல் கலிபோர்னியாவின் புல்லர் இறையியல் கல்லூரியில் அதைப் பாடமாக்கினார். அங்கே சாதி இல்லை, அதனால் வயதும் ரசனையும் சாதியாயின. முதியோருக்கு எட்டு மணி, இளைஞருக்குப் பதினொரு மணி.

நம்மூரில் இந்தச் சண்டை எப்போதோ நடந்தது. ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்த தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் 1820-களின் கடைசியில் புது மிஷனரிகளோடு மோதினார். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், தமிழ்ப் பாட்டிலும் பூவிலும் கைவைக்கிறார்கள் என்று முறையிட்டார். படிக்கும்போது நம் நெஞ்சு அவர் பக்கமே போகும். ஆனால் அதே மூச்சில் இன்னொரு முறையீடும் இருக்கிறது: எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்குகிறார்கள். பாட்டும் பந்தியும் ஒரே மனுவில்! 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் அனுப்பினார். ஏற்காமல் பிரிந்தவர்களில் பலர் பிற்பாடு சாதி விஷயத்தில் கண்டிப்பில்லாத ஜெர்மன் லுத்தரன் மிஷனான லைப்சிக் மிஷனோடு போய்ச் சேர்ந்தார்கள். அந்த லைப்சிக் மிஷனிலிருந்து உபதேசத் தகராறில் வெளியேறிய இருவர்தான் மிசௌரியார் சார்பில் 1895-ல் கிருஷ்ணகிரியில் வேலையைத் தொடங்கினார்கள். என் தாத்தா ஞானஸ்நானம் பெற்றது அந்த மிஷனில்.

அதனால்தான் தனித்தனி ஆராதனை என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கிடாரைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. சாஸ்திரியாரின் கீர்த்தனையே அந்தக் காலத்தில் கச்சேரி பாணிதான். வித்தியாசம், பல்லவியைப் பாட்டி முதல் பேரன் வரை பிடித்துக்கொள்ளலாம், சரணத்தில் வேதபாடமே அடங்கியிருக்கும். பாகவதர் நிறுத்தினாலும் சபை பாடும்.

லுத்தர் கள்ளுக்கடை மெட்டில் பாட்டு எழுதினார் என்று ஒரு கதையைக் கிடார் கட்சிக்காரர்கள் விடாமல் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பழைய ஜெர்மன் பாட்டில் முதல் பகுதி இரண்டு முறை, அடுத்த பகுதி ஒரு முறை வருகிற அமைப்புக்கு 'பார்' என்று பெயர். அந்தப் பாரை மதுக்கடை பார் ஆக்கிவிட்டார்கள். ஒரு கிறிஸ்மஸ் பாட்டை ஊரார் பாடிய மெட்டில் போட்டது உண்மை. பிறகு அதற்கும் வேறு மெட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் 1526-ல் ஜெர்மன் ஆராதனை முறையை எழுதியபோது, வாலிபருக்கு உதவும் என்றால் எல்லா மணியையும் அடிப்பேன், எல்லா ஆர்கனையும் வாசிக்க வைப்பேன் என்று எழுதியவரும் அவரேதான். இதைச் சட்டமாக்காதீர்கள் என்றும் சேர்த்து எழுதினார்.

ஆர்கன் கட்சியும் யோக்கியம் இல்லை. 1941 பாட்டுப் புத்தகத்தில் நற்கருணை ஆராதனை 15-ஆம் பக்கம். 'பதினைந்தாம் பக்கம்' என்று சொன்னாலே பழைய ஆட்களுக்குக் கண் கலங்கும். அவர்களுடைய தாத்தாக்களோ, ஜெர்மனை விட்டு இங்கிலீஷுக்குப் போனால் விசுவாசமே போய்விடும் என்று சண்டை போட்டவர்கள். சினாட் தன் பெயரிலிருந்து ஜெர்மன் என்ற சொல்லை எடுத்தது 1917-ல்தான், உலகப் போர் நடுவில். ஆர்கனிஸ்ட் ஊதித் தள்ளுகிற சத்தத்தில் சபை வாயை மூடிக்கொண்டு நிற்கிற கோயில்களையும் நான் பார்த்திருக்கிறேன். டிரம்ஸ் கண்ணாடிக்குள் இருந்தால் என்ன, ஆர்கன் மாடியில் இருந்தால் என்ன, ஜனம் வேடிக்கை பார்க்கிறது என்றால் இரண்டும் கச்சேரிதான்.

2008 மார்ச்சில், பாடுகளின் வாரத்தில், சினாடின் வானொலி நிலையம் ஒரு பேச்சு நிகழ்ச்சியை நிறுத்தியது. பொழுதுபோக்கு ஆராதனையையும் சபை வளர்ச்சி முறைகளையும் விமரிசித்து வந்த நிகழ்ச்சி அது. பணக் கஷ்டம் என்றது நிர்வாகம். கேட்டவர்கள் நம்பவில்லை, ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். சில மாதத்தில் அது வெளியே தனியாகத் தொடங்கிவிட்டது. ஒரு வானொலி நிகழ்ச்சிக்காக இவ்வளவு கொதித்தது எனக்கு ஆச்சரியமில்லை. நம் சபைகளில் ஹார்மோனியத்தை எடுத்ததற்கே கமிட்டி உடைந்திருக்கிறதே.

கிளம்புவதற்கு முன் அந்தக் குருவானவரிடம் கேட்டேன், இரண்டு கூட்டமும் எப்போதாவது சேர்ந்து உட்காருமா என்று. "பெரிய வெள்ளி ராத்திரி மட்டும்" என்றார். போனேன். பழைய கோயிலில்தான் நடந்தது. ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டே வந்தார்கள். இசைக்குழு இல்லை, ஆர்கனும் இல்லை, திரையை மாட்டவே இல்லை. முள்முடி சூடிய சிரசைப் பற்றிய பழைய பாட்டு, நாம் ஞானப்பாட்டில் பாடுவதுதான். பதினொரு மணி டிரம்ஸ்காரப் பையன் எனக்கு இரண்டு வரிசை முன்னால் நின்றான். முதல் அடியில் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற எட்டு மணி அம்மா அவனைத் திரும்பிப் பார்க்காமலே புத்தகத்தை அவன் பக்கம் கொஞ்சம் சாய்த்தார். மூன்றாம் அடிக்குள் அவன் மெட்டைப் பிடித்துக்கொண்டான்.