மழைக்கால இலையும் கள்ளத்தராசும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கோத்தகிரியில் விடாத மழை. தகரத்தில் விழுகிற சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் விவசாயிகளிடம் பச்சைத்தேயிலை எடுத்து, கமிஷனுக்கு ஃபேக்டரிக்கு அனுப்புகிறவன். பின்னால் தெரிவது நாங்கள் இலையை எடைபோடுகிற ஷெட்.

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்கிறது நீதிமொழிகள் 11:1. டிஜிட்டல் தராசு வந்த பிறகு என்ன கள்ளம் என்பீர்கள். கள்ளம் இப்போது கழிவில், அதாவது எடையிலிருந்து கழிக்கிற கணக்கில் இருக்கிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். இலையோடு வருகிற மழைத்தண்ணீர் தூளாகாது, அதனால் கழிக்கத்தான் வேண்டும். எவ்வளவு? கண்மதிப்புதான். அந்தக் கண்மதிப்பு விவசாயி பக்கம் சாய்ந்து நான் பார்த்ததே இல்லை. சாக்குக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம், முற்றல் இலைக்குக் கொஞ்சம். அரை ஏக்கர் வைத்திருக்கிற பெரியம்மாவுக்கு அந்தக் 'கொஞ்சம்'தான் அன்றைய மளிகை.

அதனால் இலையைக் கொட்டியதும் நனைந்த வெறும் சாக்கையும் தராசுக் கொக்கியில் மாட்டி, அந்த எடையை விவசாயிகள் கண்முன்னே கழிக்கிறேன். நேரமாகிறது என்று லாரி அண்ணன் கத்துவார். பனி இறங்கும் முன் வளைவு தாண்ட வேண்டும், அவர் கத்துவதும் நியாயம்தான்.

மறுபக்கமும் உண்டு. சாக்கில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள், சபையில் முன்வரிசைக்காரர்கள் உட்பட! பாவம், ஏழை என்று விடலாமா? லேவியராகமம் 19-ஐ வாசியுங்கள். சிறியவனுக்கும் முகதாட்சிணியம் கூடாது, பெரியவனுக்கும் அஞ்சக்கூடாது என்று 15-ஆம் வசனம். பிறனிலும் அன்புகூரு என்பது 18. அதே அதிகாரத்தில் 36-க்கு வந்தால் தராசும் நிறைகல்லும். அன்பையும் எடைக்கல்லையும் மோசே தனித்தனி புஸ்தகத்தில் எழுதவில்லை.

ஆமோஸ் 8:5-இல் வருகிற வியாபாரிகளைப் பாருங்கள். ஓய்வுநாளில் கடையைச் சாத்தத்தான் செய்கிறார்கள். ஆனால் அது எப்போது முடியும், எப்போது தராசைக் கள்ளமாக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். இதைக் கண்டித்த ஆமோஸ் மந்தை மேய்த்தவர், காட்டத்திப் பழம் பொறுக்கியவர். கூலிக்காரன் வயிறு அவருக்குத் தெரியும்.

எனக்குத் தீராத ஒன்று இருக்கிறது. ஃபேக்டரியில் மொத்த லோடுக்கும் ஈரம் என்று கழித்துவிட்டால், காய்ந்த இலை கொண்டுவந்தவர் தலையிலும் அதைப் போடலாமா? கூடாது என்றுதான் இதுவரை என் கமிஷனில் தாங்குகிறேன். கமிஷன் தாங்காத மாதம் வந்தால்? என்னைப்போல விவசாயிகளிடம் இலை எடுக்கிற அண்ணன்மார், அக்காமார் எப்படிச் சமாளிக்கிறீர்கள், சொல்லுங்கள்.