நாளொன்றுக்கு 33 ரூபாய்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எழும்பூர் நிலையத்தில் இறங்கி இந்த மண்டபத்துக்கு நடந்து வந்தவர்கள், பூட்டிய கடைகளின் ஓரமாகப் படுக்கை விரித்துக்கொண்டிருந்த வீடற்றவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொரோனா பரவலைத் தடுக்க, 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று அறிவித்தபடி வண்டிகள் இவர்களைக் கடந்துதான் போயின. அன்று அரசிடம் பணம் இல்லாமல் இல்லை. அது எந்த வாசல் வழியாகப் போனது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அரிசி அட்டைதாரர்களுக்கு 2020 ஏப்ரலில் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். 2021-இல் இரண்டு தவணைகளாக 4,000 ரூபாய் கொடுத்தார்கள். எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரியவைத்த உதவிகள் இவை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் ரேஷன் கடை வாசலில்தான் கிடைத்தன. வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் தலைமுறையாக வாழும் குடும்பங்கள் சிலவற்றிடம் அட்டை உண்டு. தனியாக ஊரை விட்டு வந்தவரிடம், மனநலம் குன்றித் திரிபவரிடம், பிள்ளைகள் கைவிட்ட முதியவரிடம் எங்கிருந்து அட்டை வரும்?

கோயம்பேட்டை நினைத்துப் பாருங்கள். தொற்று பரவியதால் 2020 மே 5 அன்று சந்தையை மூடினார்கள். இரவெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு, காலையில் அங்கேயே சாக்கை விரித்துத் தூங்கியவர்களுக்கு வேலையும் படுக்கையும் ஒரே நாளில் போயின. அப்படி வந்து சேர்ந்த ஒருவர், வீடற்றவர்களுக்காக நாங்கள் நடத்தும் காப்பகத்தில் பதிவேட்டுக்கு முகவரி கேட்டபோது, தோளில் கிடந்த சும்மாட்டுத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில் தான் சுமை இறக்கிய கடையின் எண்ணைச் சொன்னார்.

இவரைப் போன்றவர்களுக்காக ஒரு வழி திறக்கப்பட்டது உண்மை. வீடற்றவர்களின் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியைச் செலவிடலாம் என்று 2020 மார்ச் 28 அன்று மத்திய உள்துறை அனுமதித்தது. சென்னையில் பள்ளிகளும் சமூக நலக்கூடங்களும் முகாம்களாயின. ஜூன் 19 முதல் 30 வரையிலான முழு ஊரடங்கில் அம்மா உணவகங்களில் இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். வேண்டும் என்று நினைத்தால் இந்த நகரத்தால் முடியும் என்பதற்கு அந்த நாட்களே சாட்சி. பிறகு ஊரடங்கு தளர்ந்தது, முகாம்கள் கலைந்தன, அதில் இருந்தவர்களில் பலர் பழைய நடைபாதைக்கே திரும்பினார்கள்.

எஞ்சியது ஏற்கெனவே இருந்த காப்பகங்கள்தான். அவற்றின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இத்தகைய காப்பகங்களுக்கு நிதி தந்த மத்திய அரசுத் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி, 50 பேர் தங்கும் காப்பகத்துக்குப் பராமரிப்புச் செலவு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாயாக இருந்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்கூட முழுதாக வராது. மேலாளர், முறை வைத்துப் பார்க்கும் பொறுப்பாளர்கள் ஆகியோரின் சம்பளம், மின்கட்டணம், தண்ணீர், பினாயில் எல்லாம் அதற்குள். தங்குபவர் பகலில் வேலைக்குப் போவார், தன் காசில் சாப்பிடுவார், இரவில் படுக்க வருவார் என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு அது. ஊரடங்கில் யாரும் வெளியே போக முடியவில்லை. மூன்று வேளையும் உள்ளேயே சமைக்க வேண்டும். இடைவெளி விட்டுப் படுக்கவைக்க வேண்டும். இருமுகிறவரைத் தனி அறையில் வைக்க வேண்டும். அந்த அறைக்கு எங்கே போவது? அரிசி கொடுத்த நன்கொடையாளர்களை நன்றியோடு நினைக்கிறேன். ஆனாலும் மானியம் வரும்வரை காப்பகத்தை ஓட்டியது மளிகைக் கடைக்காரரின் கடன் நோட்டுதான். பருப்பு 5 கிலோ, எண்ணெய், சோப்பு என்று நீல மையில் பக்கம் பக்கமாக நீண்ட அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். தொண்டு செய்ய வந்தவர்களை அரசு கடனாளியாக்கக் கூடாது.

கலிபோர்னியாவில் என்ன செய்தார்கள்? 2020-இல் முதலில் விடுதி அறைகளை வாடகைக்கு எடுத்து வீடற்றவர்களைத் தங்கவைத்தார்கள். அந்த ஆண்டிலேயே அடுத்த திட்டம் போட்டு, பெருந்தொற்று நிதியைக் கொண்டு விடுதிகளை விலைக்கே வாங்கி நிரந்தரக் குடியிருப்பாக்கத் தொடங்கினார்கள். அங்கும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஆபத்துக்கு வந்த பணம் அங்கே கட்டடமாக நின்றது. இங்கே சாப்பாட்டோடு கரைந்தது. என் ஆதங்கம் அதுதான்.

பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படியே சுமார் 67 லட்சம். அப்படியென்றால் 67 காப்பகங்கள், 6,700 படுக்கைகள். தொற்று போய்விட்டதே என்று யாரும் சொல்ல வேண்டாம். 2020 நவம்பரிலேயே நிவர் புயல் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது.

எனவே மாநகராட்சியிடமும் அரசிடமும் இந்த மேடையிலிருந்து கேட்கிறேன். அந்த 6 லட்சத்தை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துங்கள். மூன்று மாதத்துக்கான தொகையை முன்பணமாகக் கொடுங்கள். காப்பக முகவரியிலேயே ரேஷன் அட்டை வழங்குங்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் தனி அறைகளோடு கூடிய ஒரு காப்பகத்தையாவது, அடுத்த மழைக்கு முன் கட்டி முடியுங்கள்.