ஒரே வளவு, ஒரே காற்று, ஒருவருக்கு மட்டும் டி.பி.

நேயர்களுக்கு வணக்கம். நம் காரைக்குடிப் பக்கத்து வளவு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வளவில், அதாவது ஒரே முற்றத்து வீட்டில், நாலைந்து புள்ளிகள், அதாவது தனித்தனிக் குடும்பங்கள், இருப்பார்கள். அடுப்பு தனித்தனி, படுக்கை மட்டும் ஒரே பட்டாலையில், அதாவது ஒரே கூடத்தில். அங்கே ஒருவர் மாதக்கணக்கில் இருமி, பிறகு டி.பி. என்று தெரியவருகிறது. பக்கத்தில் படுத்த தம்பிக்கு ஒன்றும் இல்லை. ஏன்?

காசநோய்க் கிருமி உள்ளே போனவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெளிப்படுகிறது. ஜெர்மனியின் லூபெக் நகரில் 1930இல் ஒரு கொடுமை நடந்தது. பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பு மருந்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது தெரியாமல், சுமார் 250 பச்சிளங்குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துவிட்டார்கள். எழுபதுக்கும் மேல் இறந்தன. மற்றவற்றில் பெரும்பாலானவை நோய் கண்டும் தாமாகவே தேறின. அன்று காசநோய்க்கு மருந்தே கிடையாது! எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு கிருமி போகவில்லை என்பது உண்மை. ஆனால் அதை மட்டும் சொல்லி விஷயத்தை முடிக்க முடியாது. ஒரே கருமுட்டையிலிருந்து உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால், மற்றவருக்கும் வரும் வாய்ப்பு தனித்தனிக் கருமுட்டையில் உருவான இரட்டையரைவிட அதிகம் என்பதும் பழைய ஆய்வுகளில் தெரிந்ததுதான். ஆக, மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு.

நுரையீரலில் மேக்ரோபேஜ் என்ற செல் கிருமியை விழுங்குகிறது. விழுங்கினால் போதாது, கொல்ல வேண்டும். அதற்கு அது இன்டர்லூக்கின் 12 என்ற சமிக்ஞையை அனுப்பும். நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் பதிலுக்கு இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞையைத் தரும். அப்புறம்தான் மேக்ரோபேஜுக்குக் கொல்லும் பலம் வரும். இந்த வரிசையில் எந்த மரபணு பழுதானாலும் கிருமி உள்ளேயே குடியிருந்து பெருகும். டிஒய்கே2 என்ற மரபணுவின் ஒரு மாற்றம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் டி.பி. அபாயம் கூடுகிறது. ஐரோப்பியரில் சுமார் 600 பேரில் ஒருவர் அப்படி. நம்மிடையே அது அபூர்வம்.

நம் ஊருக்கு வேறு கணக்கு. கிருமியின் துண்டை டி செல்லுக்கு எடுத்துக்காட்டுவது எச்எல்ஏ புரதம். அதில் டிஆர்2 என்ற வகை உள்ளவர்களிடம் நுரையீரல் டி.பி. கூடுதலாகக் காணப்பட்டதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் சென்னை காசநோய் ஆய்வு மையத்திலும் நடந்த ஆய்வுகள் காட்டின. வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்த வேலை, நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

ஆனால் டிஆர்2 இருந்தால் நோய் வந்தே தீரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்படிப் பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக எடை போடுகின்றன. "அந்த வீட்டில் டி.பி. உண்டாம்" என்று பெண் கேட்டுப் போகிற இடத்தில் காதைக் கடிக்கிறார்களே, அதில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதற்குப் பயந்தே பெண் வீட்டார் நோயை மறைப்பார்கள், மருந்தைப் பாதியில் நிறுத்துவார்கள். மரபணுவைவிடச் சோறு பெரிது: ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கு உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது, அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. நோயாளியோடு இருப்பவர்களுக்குத் தடுப்பு மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் குடும்பக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். மாமன் மகள், அத்தை மகன் கட்டுகிற வழக்கம் நமக்கு உண்டு. ஒரே தாத்தாவின் பழுதான மரபணுப் பிரதி இரண்டு பக்கமும் வந்து குழந்தையிடம் சேரலாம். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பிசிஜி ஊசியில் உள்ள பலவீனமான கிருமியே தொல்லை தரலாம். பிறந்ததும் போடுகிற பிசிஜி ஊசிக்குப் பிறகு அக்குளில் சின்னக் கட்டி வருவது சில குழந்தைகளுக்கு உண்டு, பெரும்பாலும் தானே வடிந்துவிடும். கட்டி பரவி, காய்ச்சல் நீடித்து, குழந்தை எடை ஏறாமல் இருந்தால், நீங்கள் சொந்தத்தில் கட்டியதையும், முன்னால் ஒரு குழந்தை தவறியிருந்தால் அதையும் டாக்டர் கேட்பதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். எந்தப் பரிசோதனை தேவை என்பது அதிலிருந்துதான் அவருக்குத் தெரியும். வணக்கம்.