தொப்பூர் இறக்கத்தில் ஒரு மாலை

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சாலையில் எங்கள் குடும்பம் உயிர் தப்பிய ஒரு மாலையைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியது என் கணவர். பின்சீட்டில் என் மாமியாரும் ஆறு வயதுப் பேத்தியும். தருமபுரி தாண்டி, பாளையம் சுங்கச்சாவடியையும் கடந்தால் தொப்பூர் கணவாய் இறக்கம் வந்துவிடும். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போய்வருகிறவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், வயிற்றில் ஒரு பயம் வரும்.

முன்னால் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பின்னால் ஹாரன் சத்தம், விடாமல். கண்ணாடியைப் பார்த்த என் கணவர், "லாரி நிக்காது போலிருக்கே" என்றார். வலது பக்கம் ஒரு பேருந்து. ஒதுங்க இடமே இல்லை. நான் "முருகா" என்றேன். வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

அந்த லாரி எங்கள் மேல் ஏறவில்லை. கடைசி நொடியில் இடது பக்கம் மலைப் பாறையை நோக்கித் திரும்பி, உரசிக்கொண்டே போய்ச் சாய்ந்தது. எங்கள் காரின் பின்முனையில் ஒரு கீறல், அவ்வளவுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. பிரேக் லைனிங் கருகிய நாற்றம் மட்டும் வெகுநேரம் காற்றில் நின்றது.

பக்கத்து ஊர்க்காரர்கள் எப்படித்தான் வந்தார்களோ, வந்துவிட்டார்கள். ஒருவர் இலை தழையோடு மரக்கிளையை ஒடித்துச் சாலையில் போட்டுப் பின்னால் வரும் வண்டிகளை எச்சரித்தார். இரண்டு பேர் கேபினில் ஏறி ஓட்டுநரை மெதுவாக வெளியே எடுத்தார்கள். ஒருவர் 108-க்குப் போன் செய்தார். ஒரு அம்மா, நடுங்கிக்கொண்டிருந்த என் மாமியாருக்குச் சர்க்கரை போட்ட கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தார். யாரும் பதறவில்லை. எத்தனை விபத்துகளைப் பார்த்திருந்தால் இப்படிக் கை பழகியிருக்கும் என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் எங்கள் எல்லோருக்கும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டார். அக்கம்பக்கத்தில் எல்லோரும், "நீங்க செஞ்ச புண்ணியம்தான் காப்பாத்துச்சு" என்றார்கள். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தையை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

2024 ஜனவரியில் அதே கணவாயில், பாலத்தின் மேல், கட்டுப்பாட்டை இழந்த லாரியால் வண்டிகள் ஒன்றோடொன்று மோதித் தீப்பிடித்து நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் காட்சியை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவர்களும் கிளம்பும்போது சாமி கும்பிட்டிருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு குழந்தை காத்திருந்திருக்கும். எங்களுக்குப் புண்ணியம் இருந்தது என்று நான் சொன்னால், அவர்களுக்கு இல்லை என்று சொன்னதாகிவிடாதா? அப்படி ஒரு கணக்கைக் கடவுள் பெயரில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. நான் முருகனை நம்புகிறேன். முன்பைவிட அதிகமாகவே நம்புகிறேன். நன்றியும் சொல்கிறேன். ஏன் நாங்கள் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

நான்கு நாள் கழித்து அந்த ஓட்டுநரைப் பார்க்க அரசு மருத்துவமனைக்குப் போனோம். என் கணவர் வர மறுத்தார். அவருக்குக் கோபம். அந்த ஆளால்தானே குடும்பமே போயிருக்கும் என்றார். அதுவும் நியாயம்தான். அப்புறம் என்ன நினைத்தாரோ, அவரே காரை எடுத்தார்.

ஓட்டுநர் சங்ககிரிப் பக்கத்துக்காரர். முப்பது வயது இருக்கும். காலில் பெரிய கட்டு. எங்களைக் கண்டதும் கண் கலங்கி, "நியூட்ரல்ல விட்டுட்டேனுங்கம்மா. தப்பு என்மேலதானுங்க" என்றார். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற பழக்கம் லாரிக்காரர்களிடம் உண்டு. கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் மொத்தப் பாரத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, கடைசியில் பிரேக் பிடிக்காமலே போய்விடும். அளந்து கொடுக்கிற டீசலில் மிச்சம் பிடித்தால்தான் அவருக்குக் கையில் நாலு காசு.

"பாறைப் பக்கம் திருப்பினா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியாதா?" என்று என் கணவர் கேட்டார்.

"தெரியுமுங்க. பின்னாடி கண்ணாடியில பாப்பா திரும்பிப் பாத்துட்டு இருந்துச்சுங்க."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆபத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான், அதைத் தன் காலில் வாங்கிக்கொண்டவரும் அவர்தான். நான் கூப்பிட்ட முருகன் எந்த வழியாக வந்தான் என்று கேட்டால், நான் அந்தக் கட்டிலைத்தான் காட்டுவேன்.

மாமியாரின் வேண்டுதலை நிறைவேற்றக் குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைத்தோம். அர்ச்சனைக்குப் பூசாரி பெயர், நட்சத்திரம் கேட்டார். எங்கள் பெயர்களோடு அந்தத் தம்பி பெயரையும் சொன்னேன். நட்சத்திரம் தெரியவில்லை. அங்கிருந்தே போன் செய்து கேட்டேன். "எனக்கும் தெரியாதுங்கம்மா, இருங்க, எங்கம்மாவைக் கேக்கறேன்" என்றார். பூசாரி தட்டோடு பொறுமையாகக் காத்திருந்தார். அப்புறம், அந்தக் கணவாயில் இறந்தவர்களுக்காகப் பெயர் சொல்லாமல் ஒரு விளக்கு ஏற்றினேன்.

ஆறேழு மாதம் கழித்து அவர் மறுபடி வண்டி ஏறிவிட்டார். வேறு தொழில் தெரியாது என்கிறார். பாளையம் சுங்கச்சாவடி வந்ததும் ஓரமாக நிறுத்தி எனக்கு ஒரு போன். "கியர்லதானே இறங்கறீங்க தம்பி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "ஆமாங்கம்மா" என்பார். போனை வைத்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி மணி அடிக்கும்.

"எறங்கிட்டேனுங்கம்மா."

வணக்கம்.