'விசாரணை'யின் இரண்டாம் பாதி யாருடையது?

வணக்கம் நண்பர்களே. இன்று மேசையில் ஒரே ஒரு புத்தகம்தான். இதோ, பாருங்கள். மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்'. சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. இரண்டு இடத்தில் மூடி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நடந்தேன்.

சந்திரகுமார் கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டியவர். 1983இல் பிழைப்புக்காக ஆந்திராவின் குண்டூரில் இருந்தபோது, செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி அவரையும் நண்பர்களையும் போலீஸ் 13 நாள் லாக்கப்பில் வைத்து அடித்தது. அதை அவரே எழுதிய புத்தகம் இது. வெற்றிமாறனின் 'விசாரணை' இதிலிருந்து வந்த படம்.

படம் 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. பிறகு மூன்று தேசிய விருதுகள்: சிறந்த தமிழ்ப் படம், சமுத்திரக்கனிக்குத் துணை நடிகர் விருது, கிஷோருக்குப் படத்தொகுப்பு விருது. அந்த மூன்றாவது விருதை நினைத்தால் மனசு கனக்கிறது. படம் திரைக்கு வருமுன்பே கிஷோர் போய்விட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புத்தகம் படித்தவர்களில் சிலர் சொல்வது இது: படத்தின் முதல் பாதிதான் 'லாக்கப்', இரண்டாம் பாதி வெற்றிமாறன் சொந்தமாகச் சேர்த்தது, அது ஒட்டவில்லை. சேர்த்தது என்பது உண்மைதான். படத்தின் நாயகன் பாண்டியும் நண்பர்களும் குண்டூர் நீதிமன்றத்தில் விடுதலையான பிறகு, தங்களுக்கு உதவிய இன்ஸ்பெக்டர் முத்துவேலுக்கு ஒரு கைம்மாறாக, ஒரு ஆடிட்டரைப் பிடித்துக் கொண்டுவர உதவுகிறார்கள். அப்புறம் தமிழ்நாட்டு ஸ்டேஷன் ஒன்றைக் கூட்டிப் பெருக்கப் போய், கேட்கக்கூடாத பேச்சைக் கேட்டுவிடுகிறார்கள். இதெல்லாம் புத்தகத்தில் இல்லை.

ஆனால் ஒட்டவில்லை என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. யோசித்துப் பாருங்கள், 'லாக்கப்' நம் கைக்கு எப்படி வந்தது? சந்திரகுமார் உயிரோடு வெளியே வந்தார், அதனால் எழுதினார். வராதவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய கதையை யார் எழுதுவது? இரண்டாம் பாதி அவர்களுடையது என்று நான் நம்புகிறேன். கடைசியில் அந்த இருட்டில், தண்ணீருக்குள் நின்றுகொண்டு மூச்சைப் பிடித்திருக்கிறார்களே, அந்தக் காட்சியைத் தப்பி வந்த ஒருவர் எழுதியிருக்கவே முடியாது.

இன்னொன்று, மொழி. முதல் பாதியில் அவர்களை அடிப்பவர்கள் பேசுவது தெலுங்கு. இவர்களுக்குப் புரியவில்லை. தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி வந்ததும் பாண்டியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், கவனித்தீர்களா? நம் ஊருக்கு வந்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நாமும் நினைக்கிறோம். அதே தமிழில்தான் அவர்களைக் கொல்வதைப் பற்றிப் பேசி முடிவு செய்கிறார்கள். புத்தகத்தோடு முடித்திருந்தால், யாரோ வேற்று மாநிலப் போலீஸ் செய்த அநியாயம் என்று நினைத்துக்கொண்டு நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம்.

வெற்றிமாறன் சேர்ப்பதெல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. பூமணியின் 'வெக்கை'யிலிருந்து எடுத்த 'அசுரன்' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது, தனுஷும் சிறந்த நடிகர் ஆனார். தகுதியான விருதுகள், சந்தேகமே இல்லை. ஆனால் 'வெக்கை' எனக்கு அந்தப் பையன் சிதம்பரத்தின் நாவல். கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் நாட்களில் அவன் என்ன தின்றான், எங்கே படுத்தான், அப்பாவைப் புதிதாக எப்படிப் பார்த்தான் என்பதுதான் அதில் உயிர். படத்தில் அப்பாவின் பழைய கதை பெரிதாகி நடுவில் வந்து உட்கார்ந்ததும், பையன் ஓரத்துக்குப் போய்விட்டான். தலித் மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் பற்றிப் படம் பேசியது அவசியமான பேச்சு. இருந்தும் அந்தக் காட்டு நாட்களுக்கு நான் ஏங்கினேன்.

'லாக்கப்' படிக்காதவர்கள் படத்தை முதலில் பாருங்கள், அதன் பிறகு புத்தகத்தை எடுங்கள். நான் அந்த வரிசையில்தான் போனேன். படத்தில் பாண்டி விழாமல் நின்று அடி வாங்குவதைப் பார்த்துவிட்டு, அதே லாக்கப்பின் நாட்களை அங்கே இருந்தவரின் எழுத்திலேயே படித்தபோதுதான் இரண்டாவது தடவை மாடிக்குப் போனேன்.